செந்தட்டியில் பழகிவிட்டு சோலைக்குப் போங்கள்: அரிக்கும் செடிகளைப் பார்க்கப் புதிதாகக் கிளம்புவோருக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வளர்ந்தவர்களுக்குச் செந்தட்டியை யாரும் பாடம் நடத்திச் சொல்லித் தர வேண்டியதில்லை. கொல்லை வேலியோரம் ஒரு தடவை முழங்காலில் பட்டால் ஆயுசுக்கும் மறக்காது. பிரச்சினை என்னவென்றால், அந்தப் பழக்கமே நமக்கு ஒரு அலட்சியத்தைக் கொடுத்துவிடுகிறது. “அரிக்கிற தழைதானே, கொஞ்ச நேரத்தில் போயிடும்” என்று சொல்லிக்கொண்டே ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய், மேகம் இறங்கும் சோலை ஓரத்தில் அரைக்கால் சட்டையோடு நடப்பவர்கள் நிறைய. அங்கே இருப்பது வேறு செடி. அதன் முள்முடி நீளம், வலி அதிகம், சிலது கண்ணுக்கே தெரியாது.

மலையேற்றம், செடி கொடிகளைப் படம் எடுப்பது என்று இப்போதுதான் ஆரம்பித்தவர்களுக்காகவும், கல்லூரியில் தாவரவியல் சேர்ந்த பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். முறை எளிது: முதலில் நம் ஊர்ச் செடிகளில் கண்ணைப் பழக்குங்கள், அப்புறம் மேலே போங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டு மாவட்டத்திலும் உண்மையான மேகக் காடு, அதாவது எப்போதும் மேகம் தவழும் மலைச் சோலை, கிடையாது. மேலகிரி மலைத்தொடரின் உயரமான குத்திராயன் சிகரமே சுமார் 1,400 மீட்டர்தான். வத்தல்மலையிலும் சித்தேரியிலும் பெட்டமுகிலாளத்திலும் மார்கழிக் காலையில் பனிமூட்டம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் சுற்றியிருக்கும் காட்டில் பெரும்பகுதி கோடையில் இலை கொட்டுகிற காடு. நீலகிரி, பழனி மலைகளின் மேல்மட்டச் சோலை அப்படி இல்லை. குட்டையான, கோணல்மாணலான மரங்கள், கிளையெல்லாம் பாசி, மழை பெய்யாத நாளிலும் மேகம் இலையில் உரசிச் சொட்டுகிற தண்ணீர், காலடியில் எப்போதும் ஈரம். அந்த ஈரத்தை நம்பி வாழ்கிற செடிகளைத் தேடி நம் ஊர்க் கரட்டில் அலைந்து பயனில்லை.

படி 1: எப்படி அரிக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இதைப் புரிந்துகொண்டால், பட்ட பிறகு என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பது தானாக விளங்கும்.

சோலைக் காஞ்சொறி (ஆங்கிலத்தில் ‘நெட்டில்’) வகைகளின் முடி ஒவ்வொன்றும் ஒரு நீண்ட செல். அடிப்பகுதி பை மாதிரி உப்பி, சிறு மேடையில் உட்கார்ந்திருக்கும். நுனியில் குண்டூசித் தலையைவிடப் பல மடங்கு சிறிய ஒரு குமிழ். நுனிச் சுவர் சிலிக்காவால் ஆனது, கண்ணாடிபோல நொறுங்கும். நம் தோல் உரசியதும் குமிழ் சாய்வாக ஒடிந்து, டாக்டர் போடும் ஊசியின் முனை போலக் கூராகிவிடும். அது தோலுக்குள் இறங்கும்போது அடிப்பை அழுந்தி, உள்ளே இருக்கும் திரவம் ஏறிவிடுகிறது. ராபர்ட் ஹூக் 1660-களிலேயே இந்த முடியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, திரவம் ஏறுவதைத் தன் தோலிலேயே சோதித்திருக்கிறார். அந்தத் திரவத்தில் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின், செரோடோனின் போன்றவை இருப்பதை 20-ஆம் நூற்றாண்டில் கண்டார்கள். தடிப்பும் அரிப்பும் எரிச்சலும் அவற்றால் வருபவை.

செந்தட்டியின் வழி வேறு. இது காஞ்சொறிக் குடும்பமே அல்ல, ஆமணக்கின் குடும்பம். இதன் முடிக்குள் கால்சியம் ஆக்சலேட்டால் ஆன ஒரு ஊசிப் படிகம் இருக்கிறது. தொட்டதும் அந்தப் படிகம் வெளியே துருத்திக் குத்துகிறது, அதன் வழியே திரவம் இறங்குகிறது.

பூனைக்காலி மூன்றாவது ரகம். அது அவரைக் குடும்பத்துக் கொடி. காயின் மேல் உள்ள பொன்னிறச் சுணை தோலில் தைத்துக்கொள்ளும், அதில் இருக்கும் மியூகுனைன் என்ற புரதம் அரிப்பைக் கிளப்பும். ஊசி போடும் வேலையெல்லாம் அதற்குக் கிடையாது. ஆனால் சுணை உதிர்ந்து காற்றில் பறக்கும் என்பதால், செடியைத் தொடாதவனையும் அது தொட்டுவிடும்.

ஆக, பட்ட இடத்தைத் தேய்த்தால் மூன்றிலுமே நஷ்டம் நமக்குத்தான். ஒடியாமல் மிச்சமிருக்கும் முடிகளையும் நாமே உள்ளே அழுத்துகிறோம்.

படி 2: ஊர்ச் செடிகளில் கண்ணைப் பழக்குங்கள்

மழை முடிந்த கார்த்திகை, மார்கழியில் ஆரம்பிப்பது நல்லது. காட்டுக்குள் போகவே வேண்டாம். மாந்தோப்பு வேலி, புளியமரச் சாலையோரப் புதர், ஏரிக்கரை, கரட்டு அடிவாரக் கோயில் பாதை, இவையே போதும்.

செந்தட்டியைச் சிலர் சிறுகாஞ்சொறி என்பார்கள். மெல்லிய கொடி. வேலியில் வேறு செடியைச் சுற்றிக்கொண்டு ஏறும். இலைகள் மாற்றடுக்கில் (தண்டின் இரு பக்கமும் மாறி மாறி), நீள்வட்டமாக, நுனி கூராக, ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும். காய் மூன்று குமிழாகப் பிரிந்திருக்கும், அதன் மேல்தான் முடி அடர்த்தி. வெயிலுக்கு எதிராக வைத்துப் பாருங்கள்: தண்டின் விளிம்பில் முடிகள் வெள்ளையாக மின்னும். இந்த ‘எதிர்வெயில் பார்வை’தான் நீங்கள் பழக வேண்டிய முதல் வித்தை. சோலையில் உயிரைக் காப்பாற்றும் என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன், ஒரு வாரத் தூக்கத்தைக் காப்பாற்றும்.

பூனைக்காலிக்கு அவரை மாதிரி மூன்று சிற்றிலை, கருஊதாப் பூங்கொத்து, எஸ் வடிவத்தில் லேசாக வளைந்த காய். காய் பச்சையாக இருக்கும்போது வெல்வெட் போலத் தெரியும், தொட்டுப் பார்க்கத் தோன்றும், தொடாதீர்கள். தை, மாசியில் காய் காய்ந்து தொங்கும்போதுதான் ஆபத்து அதிகம். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, காற்று வரும் பக்கமாக நின்றுகொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் இந்தச் சுணையைச் சட்டைக் காலரில் போடும் குறும்புக்காரர்கள் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள். கண்ணில் பட்டால் அது விளையாட்டு அல்ல, ஆஸ்பத்திரி விவகாரம்.

குப்பைமேனியைப் பார்த்துப் பயப்படும் ஆரம்பக்காரர்கள் உண்டு. ரம்பப்பல் இலை, சின்னச் செடி, பார்வைக்கு அதே சாடை. அது அரிக்காது. இலைக்கோணத்தில் கதிராக எழும் பச்சைப் பூங்கொத்தையும், ஒவ்வொரு பூவின் கீழும் கிண்ணம் போன்ற பல்லுள்ள இலைச் செதிலையும் பார்த்தால் பிரித்துவிடலாம்.

இன்னொரு தடயம் வண்ணத்துப்பூச்சி. ஆமணக்குச் செடியில் முட்டையிடும் செம்பழுப்பு நிறப் பூச்சிகள் இரண்டு நம் ஊரில் சாதாரணம், இரண்டும் செந்தட்டியிலும் முட்டையிடும். முள்ளுள்ள புழு ஒன்று ஏதோ வேலிக்கொடியை நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தால், அந்தக் கொடியைக் கை வைக்காமல் ஒரு நிமிடம் பாருங்கள்.

யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வது எல்லாவற்றையும்விடச் சுலபம். ஆடு மேய்க்கிறவர்களிடம், “இந்தப் பக்கம் செந்தட்டி இருக்குதுங்களாண்ணா?” என்று கேட்டால் கோலால் சுட்டிக் காட்டிவிடுவார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் அதிகம். தமிழ்ப் பெயர் புரியாவிட்டால் செல்போனில் படத்தைக் காட்டுங்கள். ‘அரிக்குமா’ என்று கையைச் சொறிந்து காட்டினால் மொழியே தேவையில்லை.

செந்தட்டி வேரும் பூனைக்காலி விதையும் நாட்டு மருந்துக் கடையில் விற்பவை. அதனால் பறித்து வந்து நாமே கஷாயம் வைக்கலாம் என்று இறங்காதீர்கள். பூனைக்காலி விதையில் எல்-டோபா என்ற பொருள் இருக்கிறது. நடுக்குவாதத்துக்கு ஆங்கில மருத்துவத்திலும் கொடுக்கும் மருந்து அது, அளவு தெரியாமல் விளையாடும் சரக்கல்ல.

படி 3: உடுப்பு

தொளதொளப்பான, கனமான முழுக்கால் சட்டை. ஜீன்ஸ் பரவாயில்லை. உடம்பை ஒட்டிய மெல்லிய லெக்கிங்ஸ் வேண்டாம், நீண்ட முடிகள் துணியைத் தாண்டிக் குத்தும். முழுக்கை சட்டை, கணுக்காலை மூடும் ஷூ, காலுறைக்குள் செருகிய கால்சட்டை விளிம்பு. மடித்துக் கட்டிய வேட்டியும் ரப்பர் செருப்பும் நம் வேலியோரத்துக்குச் சரி, சோலைக்குச் சரிவராது. கையுறை தேவைப்பட்டால் தோல் கையுறை. தோட்ட வேலைக்கு விற்கும் நூல் கையுறை ஒரு மன ஆறுதல், அவ்வளவுதான்.

பையில்: அகலமான ஒட்டும் டேப் அல்லது பிளாஸ்திரி, சோப்பு, காலமைன் லோஷன், குடிக்கிற தண்ணீர் போக ஒரு பாட்டில் சுத்தமான தண்ணீர். ஏற்கெனவே ஆஸ்துமாவோ கடும் ஒவ்வாமையோ உள்ளவர்கள், கிளம்பும் முன்பே டாக்டரிடம் எந்த மாத்திரை கையில் வைத்திருக்கலாம் என்று கேட்டுவிடுங்கள்.

படி 4: அனுமதியும் யானையும்

நம் மாவட்டங்களில் செடியைவிட இதுதான் பெரிய விஷயம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் காடுகளின் பெரும்பகுதி காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்ற இரண்டு வனவிலங்குச் சரணாலயங்களுக்குள் வருகிறது. முன்னது 2014-லும் பின்னது 2022-லும் அறிவிக்கப்பட்டது. யானை நடமாட்டம் ஆண்டு முழுக்க உண்டு, ராகி முற்றும் காலத்தில் கர்நாடகப் பக்கமிருந்து வரும் கூட்டங்களும் சேர்ந்துகொள்ளும். ஒரு கொடியைப் படம் எடுக்கக் குனிந்திருப்பவனுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது. அதனால் தனியாகப் போகாதீர்கள், ஒருவர் குனிந்தால் ஒருவர் நிமிர்ந்து நில்லுங்கள்.

சட்டப்படி நடக்க வழி இருக்கிறது. 2024-ல் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்புவார்கள். கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் பாதைகளை மூடுவதுண்டு, தேதி பார்த்துப் பதியுங்கள். நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ சொந்த வண்டியில் போவதாக இருந்தால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் நடைமுறையும் இருக்கிறது.

படி 5: சோலை ஓரத்தில் எதைத் தேட வேண்டும்

தர்மபுரியிலிருந்து சேலம், மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி போய்ச் சேர்ந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். சோலைக்குள் நுழையத் துடிக்காதீர்கள். நீங்கள் தேடும் செடி பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கும்: பாதை வெட்டிய மண்சரிவு, ஓடைக்கரை, மாடு அடைந்த பழைய இடம், மரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்த குழி. ஈரமும் உரமும் உள்ள, கொஞ்சம் கலைந்த மண் அதற்குப் பிடிக்கும்.

முதல் ஆள், ஆங்கிலப் புத்தகங்கள் நீலகிரி நெட்டில் என்று சொல்லும் ஜிரார்டினியா டைவர்சிஃபோலியா. கொடி அல்ல, நிமிர்ந்து நிற்கும் செடி. இடுப்பளவில் ஆரம்பித்து ஆளுயரத்தையும் தாண்டும். இலை அகலமாக, மூன்றாகவோ ஐந்து, ஏழாகவோ விரல்விரலாகப் பிளந்து, ஓரத்தில் பெரிய பெரிய பற்களோடு இருக்கும். தூரத்தில் பார்த்தால் ஆமணக்குச் சாடை தட்டும், நம்மூர்க்காரர்கள் ஏமாறும் இடம் இது. கிட்டே போனால் தண்டிலும் இலைக்காம்பிலும் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு விறைப்பான வெள்ளை முடிகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். பெண்பூக் கொத்துகளில் முடி இன்னும் நீளம், இன்னும் நெருக்கம். படம் எடுக்கிறவர்கள் அங்கேதான் மூக்கை நீட்டுவார்கள், அடியும் அங்கேதான் படும்.

இலை ஒன்று பொட்டலம் போல மடிந்து பட்டுநூலால் தைத்த மாதிரி இருந்தால் உள்ளே ஒரு புழு இருக்கும். ஆரஞ்சும் கறுப்புமான ‘இந்தியன் ரெட் அட்மிரல்’ வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை அது. நம்மை அலற வைக்கும் இலைதான் அதற்குச் சோறும் வீடும். பிரித்துப் பார்க்காதீர்கள்.

இதே செடி இமயமலையிலும் வளர்கிறது. நேபாளத்தில் ‘அல்லோ’ என்று பெயர். பட்டையை உரித்துச் சாம்பலோடு வேகவைத்து, நார் எடுத்து, நூற்றுத் துணி நெய்கிறார்கள். வெந்தால் முடியின் வேலை முடிந்துவிடும். எனக்குத் தெரிந்தவரை, இவ்வளவு கோபக்காரச் செடியை இவ்வளவு பொறுமையாகச் சமாளித்தவர்கள் அவர்கள்தான்.

இரண்டாவது ஆள் கொஞ்சம் கீழே, மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டில் இருப்பவர். டென்ட்ரோக்னைடே சினுவாட்டா. கேரளத்தில் ஆனச்சொறியணம் என்பார்கள். புதராகவோ சிறு மரமாகவோ வளரும். இதில் ஆபத்து அதன் சாதுவான முகம். இலை பெரிதாக, முழுதாக, பளபளப்பாக, ஓரம் லேசாக நெளிந்து, ஏதோ அலங்காரச் செடி மாதிரி இருக்கும். முடிகள் மிக நுண்ணியவை. ‘முடி தெரிந்தால் ஒதுங்கு’ என்று பழகிய கண்ணுக்கு இதில் எதுவும் தெரியாது. ஆகவே பசுமைக் காட்டில் விதி மாறுகிறது: பெயர் தெரியாத பெரிய இலை எதையும் பிடித்து ஏறாதீர்கள், விலக்குவதற்குக் கையை நீட்டாதீர்கள், கம்பை நீட்டுங்கள்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. லெஷெனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரியில் இருந்துகொண்டு நீலகிரி வரை செடி சேகரித்தவர். கல்கத்தா தாவரவியல் பூங்காவில் இந்த இலை அவருடைய இடது கையின் மூன்று விரல்களில் லேசாகப் பட்டது. பட்டபோது சிறு குத்தல்தான். ஒரு மணி நேரத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தேய்ப்பது போன்ற வலி, அது கை வழியே அக்குள் வரை ஏறியது. தும்மல், மூக்கொழுகல். மத்தியானம் தாடை இறுகியதில் ரண ஜன்னி (டெட்டனஸ்) கண்டுவிட்டதோ என்று பயந்தார். அடுத்த நாட்களில் கையைத் தண்ணீரில் விட்டபோதெல்லாம் வலி திரும்பியது, முழுதாக விட்டது ஒன்பதாம் நாள். நீலகிரி நெட்டிலுக்குப் பிற்பாடு வைக்கப்பட்ட ஒரு பழைய அறிவியல் பெயரில் இதே மனிதரின் பெயர்தான் இருக்கிறது.

இதன் ஆஸ்திரேலிய உறவுதான் ஜிம்பி-ஜிம்பி. அதன் விஷத்தில் உள்ள சிறு புரதங்கள் சிலந்தி, கூம்புச் சங்கு ஆகியவற்றின் விஷத்தை ஒத்த அமைப்பு கொண்டவை என்று குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் 2020-ல் காட்டினார்கள். ஹிஸ்டமின் மட்டும் காரணம் என்றால் வலி இத்தனை நாள் நீடிக்காது.

கடல் தாண்டிய மேகக் காடுகளிலும் இந்தக் கதை உண்டு. ஈக்வடார், பெரு நாட்டு ஆண்டிஸ் மலைகளில் நாசா என்றொரு செடிப் பேரினம், லோவாசேசியே குடும்பம். தலைகுனிந்த அழகான பூக்கள், உடம்பெல்லாம் குத்தும் முடி. அவற்றில் பல இனங்கள் சிறு சிறு பகுதிகளில் மட்டுமே வளர்பவை. அந்தக் குடும்பத்தின் முடியில் கால்சியம் பாஸ்பேட், அதாவது நம் பல்லில் இருக்கும் அதே தாது, கெட்டிப்பட்டிருப்பதை ஜெர்மனியின் பான் நகர ஆய்வாளர்கள் 2016-ல் கண்டார்கள். இந்தியக் காடுகளில் அந்தக் குடும்பம் கிடையாது, யாராவது சோலையில் நாசாவைப் பார்த்தேன் என்றால் நம்ப வேண்டாம்.

படி 6: படம் எடுப்பதும் குறித்துக்கொள்வதும்

முழுச் செடி ஒன்று, இலை அடுக்கு தெரிய ஒன்று, தண்டு முடி வெயிலுக்கு எதிரில் ஒன்று, பூவோ காயோ ஒன்று. இந்த நான்கும் இருந்தால் யாரிடமும் பெயர் கேட்டுவிடலாம். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால் தெரிந்தவர்கள் திருத்துவார்கள். இடம், உயரம், கொடியா, செடியா, மரமா என்பதையும் எழுதுங்கள், படத்தில் அது தெரியாமல் போகும். இலையைத் திருப்ப வேண்டுமென்றால் நீண்ட குச்சி. மாதிரி பறிக்காதீர்கள், காய்ந்த இலையின் முடியும் குத்தும்.

படி 7: பட்டுவிட்டால்

நில்லுங்கள். சொறியாதீர்கள், வேட்டித் துணியால் துடைக்காதீர்கள், உள்ளங்கையால் தேய்க்காதீர்கள். முதல் ஐந்து நிமிடப் பொறுமைதான் மீதி நேரத்தைத் தீர்மானிக்கும்.

டேப்பை மெதுவாக ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். புது டேப் போட்டு இன்னும் சில முறை. தோலில் நிற்கும் முடிகள் ஒட்டிக்கொண்டு வரும். அப்புறம் சோப்பு நுரையைத் தடவி, தேய்க்காமல் தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். செந்தட்டி, நீலகிரி நெட்டில் இரண்டுக்கும் அதன்பின் குளிர்ந்த துணியும் காலமைன் லோஷனும் இதமாக இருக்கும். ஆனச்சொறியணம் என்ற சந்தேகம் இருந்தால் குளிர்ந்த தண்ணீரை நம்பாதீர்கள், லெஷெனோவின் அனுபவம் நினைவிருக்கட்டும். டேப் போட்டுவிட்டு நேராக டாக்டரிடம் போங்கள்.

பூனைக்காலிச் சுணை என்றால் முதலில் சட்டையைக் கழற்றுங்கள். துணியில் மிச்சமிருக்கும் சுணைதான் திரும்பத் திரும்ப அரிக்கும். டேப், பிறகு கழுவல். சாணி பூசு, மண் தேய், மண்ணெண்ணெய் தடவு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். பெரியவர்கள் அன்போடு சொல்வதுதான், ஆனால் கீறிய தோலில் சாணி வைத்தால் அரிப்போடு புண்ணும் சேரும். “சரிங்க தாத்தா” என்று சொல்லிவிட்டு டேப்பை எடுங்கள்.

கண்ணில் பட்டால் கசக்காமல், சுத்தமான தண்ணீரைப் பதினைந்து நிமிடமாவது விடாமல் ஊற்றி, உடனே கண் மருத்துவரிடம். உதடு, நாக்கு, முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால், உடம்பு முழுக்கத் தடிப்பு பரவினால், தலைசுற்றி விழுந்தால் காத்திருக்க வேண்டாம், 108-க்கு அழையுங்கள். மலையில் சிக்னல் இல்லாத இடம் அதிகம். எந்த வளைவில் சிக்னல் விட்டுப்போகிறது என்பதை ஏறும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து அரசு மருத்துவமனை எது என்பதையும்.

வீட்டுக்கு வந்ததும் போட்டிருந்த துணியை மற்ற துணிகளோடு கூடையில் போடாமல், வெளியே உதறி, தனியாக நனைத்துத் துவையுங்கள். துவைக்கப் போவது அம்மாவாகவோ மனைவியாகவோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களே துவைத்தால் இன்னும் நல்லது.